மசகு

கன்னையா பாயில் சாய்ந்து கண்ணை மூடினான். பின்கட்டில் மாரியாயி துணி துவைக்கிற மிஷினைச் சுற்ற ஆரம்பித்தாள்.

முதலில் மரம் முனகியது. அடுத்து இரும்புப் பல்லோடு இரும்புப் பல் உரசியது. கைப்பிடி ஒரு பக்கமாகப் போய்த் திரும்புகிற இடத்தில் 'ணங்' என்று ஓர் அடி விழுந்தது. மறுபடி முனகல், உரசல், அடி. முனகலும் உரசலும் அவனுக்குப் பழகிவிட்டன. எஞ்சின் ஷெட்டில் இதைவிடப் பெரிய சத்தங்களுக்கு நடுவே நின்றுகொண்டே தூங்கியிருக்கிறான். இந்த அடியைத்தான் தாங்க முடியவில்லை. ஒரே கணக்கில் வந்தாலாவது காது அதைத் தள்ளிவிட்டுத் தூங்கப் போகும். மாரியாயிக்குக் கை வலித்தால் மெதுவாகச் சுற்றுவாள். தண்ணீர் ஊற்ற நிறுத்துவாள். நிறுத்தியதற்கு வட்டி போட்டு வேகமாகச் சுற்றுவாள். அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியாது. விழாத அடிக்காகக் கன்னையா மூடிய கண்ணோடு காத்துக் கிடப்பான். துண்டை நனைத்துத் தலையில் கட்டிப் பார்த்தாயிற்று. காதில் பஞ்சு வைத்தாயிற்று. சத்தம் சிமெண்டுத் தரை வழியாகப் பாய்க்கு வந்து, பாயிலிருந்து எலும்புக்கு வந்தது.

அவனுக்கு ஷெட்டில் இரவு வேலை. ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான பிரிக்பீல்ட்ஸ் லயத்திலிருந்து தண்டவாளத்தைத் தாண்டினால் ஷெட். எஞ்சினுக்கு அடியில் குழிக்குள் இறங்கிச் சாம்பலை வார வேண்டும், புகைப்பெட்டியில் படிந்த கரியைச் சுரண்ட வேண்டும், பொழுது விடிவதற்குள் தீ மூட்டி வைக்க வேண்டும். பகலில் தூங்காதவனால் அந்த வேலையைச் செய்ய முடியாது. போன மாதம் சாம்பல் குழிக்குள் மண்வெட்டியைக் கட்டிப் பிடித்தபடி தூங்கிவிட்டான். போர்மன் துரை வந்து மண்வெட்டியைக் காலால் எத்தினார். இனி படுத்தால் கப்பலில்தான் படுப்பாய் என்று அரைகுறை மலாயில் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது கப்பலில் போய்விட்டார்கள்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. தோட்டத்தில் ஆள் வேண்டாம், ரயிலில் சரக்கு இல்லை, ஷெட்டில் பாதி எஞ்சின்கள் குளிர்ந்து போய் நின்றன. மாதம் பிறந்தால் யார் யாரை நாகப்பட்டினத்துக்கு ஏற்றுவது என்று ஷெட் ஆபீசில் பேர் எழுதுவார்கள். எழுதுகிறவர் ஆபீஸ் குமாஸ்தா செல்லத்துரை கிராணியார், யாழ்ப்பாணத்துக்காரர். துரை கேட்பது ஆட்களின் எண்ணிக்கையைத்தான். எந்தப் பேர் என்பது கிராணியாரின் பேனா.

ஊருக்குத் திரும்புவதில் கன்னையாவுக்கு வெட்கம்தான் உண்டு, பயம் இல்லை. அண்ணன்மார் ஒரு மூலை ஒதுக்கிக் கஞ்சி ஊற்றுவார்கள். மாரியாயிக்கு அது ஊரே இல்லை. கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊருக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள் அவள். கப்பலைப் பார்த்ததுகூட இல்லை. அவள் பிறந்த லயத்தில் மாடு தின்பார்கள். செத்த மாட்டைத் தோட்டத்துக்காரர்கள் புதைக்கச் சொன்னால் இவர்கள் அறுப்பார்கள். அவளைக் கட்டிக்கொண்டதைக் கன்னையா ஊருக்கு எழுதவில்லை. அவளை அண்ணன்மார் வாசற்படி தாண்ட விடமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். 'கப்பல்' என்ற சொல் வீட்டில் விழுந்தால் அவள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போவாள்.

அதனால்தான் துணி துவைக்கிறாள். கிராணியார் வீட்டுக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த வண்ணான் குடும்பத்தோடு கப்பலேறிப் போனதும், யாரிடமும் கேட்காமல் தானே அந்த வீட்டுப் பின்வாசலில் போய் நின்றாள். முதல் மூட்டை வந்த அதே மாதம் பேர் எழுதினார்கள். கன்னையா பேர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதில்லை.

மிஷின், அவள் முன்பு ஆயாவாக இருந்த மலைமேட்டு பங்களாவிலிருந்து வந்தது. அந்த வீட்டுத் துரைக்கு வேலை போய்ச் சீமைக்குக் கிளம்பியபோது சாமான்களை ஏலம் போட்டார்கள். பியானோவை ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி, எடுத்தார். சாப்பாட்டு மேசை லோரியில் காஜாங்குக்குப் போனது. மிஷினை யாரும் கேட்கவில்லை. பாதியாக அறுத்த பீப்பாயைப் போல ஒரு மரத்தொட்டி, அதற்கு நாலு கால். மேலே கனத்த மரமூடி. மூடியின் முதுகில் பல்சக்கரங்கள், பக்கவாட்டில் சுற்றுகிற கைப்பிடி. மூடியின் நடுவே ஒரு தண்டு உள்ளே இறங்கி, அதன் நுனியில் நாலு கட்டைகள் கவிழ்த்த முக்காலி மாதிரி தொங்கும். கைப்பிடியைச் சுற்றினால் கட்டைகள் துணியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகும். மேம் அதை மாரியாயிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். கொடுத்தாள் என்பதைவிட விட்டுவிட்டுப் போனாள் என்பது சரி.

மாரியாயிக்கு அது வெறும் மிஷின் இல்லை என்பதைப் பக்கத்து வீட்டு இராஜம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள்.

“ஏ மாரியாயி, காலங்காத்தால ஓ வீட்டுலேருந்து ரயிலு கெளம்புதே, டிக்கட்டு எங்க குடுக்கிறாங்க?” என்றாள் ஒருநாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி.

“ஒங்களுக்கு ஓசிக்கா. ஏறிக்கங்க.”

“ஏறி எங்க போறது? வண்ணாந்தொறைக்கா?”

“வண்ணான் கல்லுல அடிப்பான். நான் சக்கரம் சுத்துறேன். அண்ணன் கூடத்தான் கேட்டுல கைப்பிடி சுத்துறாரு. அவர யாரும் வண்ணான்னு சொல்லலியே.”

இராஜம்மாவின் புருஷன் லெவல் கிராசிங் கேட் திறப்பவர். சுவருக்கு மேலே இருந்த தலை இறங்கிவிட்டது. உள்ளே படுத்திருந்த கன்னையா வாய்க்குள் சிரித்தான். அப்புறம் அடுத்த அடி விழுந்தது.

ஓய்வு நாள் வந்ததும் அவன் மிஷினின் முன்னால் குந்தினான்.

“எஞ்சின் வைத்தியரு வந்துட்டாரு,” என்றாள் மாரியாயி. “நாக்க நீட்டச் சொல்லட்டுமா?”

“சுத்து. பேசாம சுத்து.”

தரை சாக்கடைப் பக்கமாகச் சரிந்திருந்தது. நாலு காலில் ஒன்று நிற்காமல் ஆடியது. பழைய சைக்கிள் டயரை அறுத்து அதன் அடியில் கொடுத்தான். முனகல் நின்றது. அடி நிற்கவில்லை. அடுப்படியிலிருந்து ஊதாங்குழலை எடுத்து வந்து ஒரு முனையை மூடிமேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தான். ஷெட்டில் எஞ்சின் பழுது பார்க்கும் பிட்டர்கள் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு எஞ்சினுக்குள் கேட்பார்கள். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் குழலை நகர்த்தி நகர்த்திக் கேட்டான். மாரியாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றினாள். நடுத்தண்டுக்கு மேலே வந்தபோது அடி நேராக மண்டைக்குள் இறங்கியது.

மூடியைக் கழற்றிப் பார்த்தான். தண்டைச் சுற்றியிருந்த பித்தளை வளையம் தேய்ந்து வாய் பிளந்து கிடந்தது. வளையம் பிடிக்காததால் திரும்புகிற இடத்தில் தண்டு சாய்ந்து இரும்பில் இடிக்கிறது. புது வளையம் கடைந்து போட்டால் தீர்ந்தது. செந்தூல் ரயில்வே பட்டறையில் கடைவார்கள். கப்பலுக்குப் பேர் எழுதுகிற காலத்தில் வீட்டு மிஷினுக்கு வளையம் கேட்டுப் போகிறவன் முட்டாள். தேங்காயெண்ணெய் விட்டான். ஒரு தொட்டித் துணி முடிவதற்குள் அடி திரும்பி வந்தது. விளக்கெண்ணெய் விட்டான். அது இன்னும் ஒரு தொட்டி தாங்கியது. கீழே கொதிக்கிற தண்ணீர். ஆவி ஏறினால் எண்ணெய் நிற்காது. பழந்துணியைக் கிழித்துத் தண்டில் சுற்றினான். தண்டு அதைச் சவைத்துத் துப்பியது.

மறுநாள் இரவு வேலைக்குப் போனதும் பக்கிரிசாமியைத் தேடிப் போனான். பக்கிரிசாமி பிட்டருக்கு உதவியாள், வயதில் மூத்தவர். எஞ்சினில் ஆவி வெளியே கசியாமலிருக்கத் தண்டைச் சுற்றிச் சணல் பின்னலைத் திணிப்பார்கள். அந்தப் பின்னலைக் கொழுப்பில் ஊறவைத்து எடுப்பது அவர் வேலை.

“வீட்டுல எஞ்சின் வச்சிருக்கியாடா?”

“மிஷினுண்ணே. துணி தொவைக்கிறது.”

“பொண்டாட்டிக்கு மிஷினு வாங்கிக் குடுத்த மொத ஆம்பள நீதான்லா. போய்த் தொலை.” ஒரு துண்டுப் பின்னலையும், சிகரெட் டின் நிறையக் கொழுப்பையும் கொடுத்தார். “மாட்டுக் கொழுப்பு. சட்டிப் பக்கம் வச்சிராத. ஆஸ்திரேலியா மாடுதான், பாவம் ஒட்டாது.”

கன்னையா பல வருடமாக அந்தக் கொழுப்பைத் தொட்டிருக்கிறான். ஷெட்டில் எல்லோரும் தொடுவார்கள். திருநீறு பூசியவனும் தொடுவான். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயும் மணலும் போட்டுக் கையைத் தேய்த்தால் விட்டது. ஷெட்டுக்குள் அது மாடு இல்லை, சாமான். கரி, தண்ணீர், கொழுப்பு என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். டின்னை மடியில் கட்டிக்கொண்டு காலையில் தண்டவாளம் தாண்டும்போதும் அவனுக்கு அது சாமானாகத்தான் இருந்தது. வீட்டுப் படியில் கால் வைத்தபோதுதான் ஏதோ தோன்றியது. மாரியாயி பைப்படிக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கை தானாக வேகமெடுத்தது.

பின்னலைத் தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, வளையத்தின் பிளவில் உளியால் தட்டித் திணித்து, மேலே கொழுப்பை வழித்து அடைத்தான். ஷெட்டில் துரையே வந்து பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாத வேலை.

மாரியாயி சுற்றினாள். நிறுத்தினாள். மூடியைக் குனிந்து பார்த்தாள். மறுபடி சுற்றினாள். துணி தண்ணீரில் புரளும் சத்தம் மட்டும் வந்தது. இத்தனை நாளும் அந்தச் சத்தம் அதற்குள் இருந்ததே தெரியாது.

“செத்துப்போச்சா?” என்றாள்.

“ஓடுது.”

“என்ன போட்டீங்க?”

“ஷெட்டு மசகு.”

பொய் இல்லை. அன்றைக்குப் பொழுது சாய்கிற வரை தூங்கினான். எழுந்தபோது வாயோரம் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. மாரியாயி அதைப் பார்த்தபடி காப்பியை வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவன் குழிக்குள் கண் சொருகாமல் நின்றான். இராஜம்மாகூட, ரயிலை நிறுத்திவிட்டார்களா, ஊரே வெறிச்சென்று இருக்கிறதே என்றாள்.

ஒருநாள் மாரியாயி கிராணியார் வீட்டுக்குத் துணி கொடுத்துவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பினாள். அந்த வீட்டம்மா தையல்முத்து கொடுத்தது. மரக்கறி தவிர வேறெதுவும் ஏறாத வீடு அது. கன்னையாவை எழுப்பி உட்காரவைத்துச் சொன்னாள்.

“வேட்டியெல்லாம் பட்டு மாதிரி மினுங்குதாம். கஞ்சி அப்படியே கண்ணாடி மாதிரி நிக்குதாம். கிராணியாரு அதக் கட்டிக்கிட்டு மூணு தெரு சுத்தி வந்தாராம். என்ன பிள்ளை செய்தனீர்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்றது? கைராசின்னேன்.”

கன்னையா பழத்தில் பாதி கடித்திருந்தான். வாய் நின்றது. அவனுக்கு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிந்துவிட்டது. ஷெட்டில் தண்டு படுத்தவாக்கில் இருக்கும், கொழுப்பு உருகினால் தரையில் விழும். இங்கே தண்டு நட்டுக்குத்தாக நிற்கிறது. அடியில் கொதிதண்ணீர். ஆவி ஏறிக் கொழுப்பு உருகி, தண்டு வழியாகத் தொட்டிக்குள் இறங்குகிறது. தண்ணீர் அதைத் துணியில் சேர்க்கிறது. கரிப்பெட்டியைச் சூடாக்கி அவள் தேய்க்கிறாள், அது கஞ்சியோடு கஞ்சியாகப் படிந்து பளபளக்கிறது. ஓர் எஞ்சினைத் திறந்து பார்த்தால் தெரிவது போல அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. மீதிப் பழத்தையும் தின்றுவிட்டுப் படுத்தான். நல்ல தூக்கம் வந்தது. அதுதான் அவனைப் பற்றி அவனுக்கே பிடிக்காத விஷயம்.

மழை பெய்து குளிர்ந்த ஒரு காலையில் மாரியாயி மூடியைக் கவிழ்த்துப் போட்டாள். அடியில், தண்டைச் சுற்றி, உருகி வழிந்த மெழுகுவர்த்தி போல வெள்ளைத் துளிகள் உறைந்து நின்றன. நகத்தால் ஒன்றைச் சுரண்டினாள். மூக்கருகே கொண்டுபோனாள். அவள் பிறந்த லயத்து மூக்குக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் உள்ளே வந்து அவன் தலைமாட்டில் நின்று கேட்டாள்.

“ஆடா, மாடா?”

கன்னையா எழுந்து உட்கார்ந்தான். “மாடு.”

அவள் விரலைச் சேலையில் துடைக்கப் போய், துடைக்காமல், வெளியே போய்ச் சுவரில் தேய்த்துவிட்டு வந்தாள்.

“கல்யாணத்துக்கு அப்புறம் திங்கக்கூடாதுன்னீங்க. நான் விட்டேன். ஏன்னு கேட்டனா? எங்கம்மா வீட்டுல விருந்து வச்சப்பக்கூட எல திருப்பிப் போட்டேன். இப்ப நீங்களே மடியில கட்டிக் கொண்டாந்திருக்கீங்க.”

“அது ஷெட்டுச் சாமான், மாரி.”

“சாமி கும்புடுறவரு அதக் கட்டிக்கிட்டு மூணு தெரு சுத்தியிருக்காரு.”

“நாம தொவைக்கிற சோப்பு மட்டும் எதுல செய்யிறான்? அதுலயும் கொழுப்புதான்னு பக்கிரிசாமியண்ணன் சொல்றாரு. உலகம் பூரா அப்படித்தான்.”

“சோப்பப் பத்தி எனக்குத் தெரியாது. இது தெரிஞ்சு போச்சு.”

அவளே ஒரு கம்பியை எடுத்துப் பின்னலை நோண்டி எறிந்தாள். மிஷினை மூலையில் தள்ளினாள். அந்த வாரத்து மூட்டையைக் கையால் துவைத்தாள். கையால் துவைப்பதை இராஜம்மா பார்த்துவிடக்கூடாது என்று பைப்படிக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பின்கட்டில் குனிந்து, தொட்டியில் கசக்கினாள். சலவைச் சோடாவில் விரலிடுக்கு வெந்து தோல் உரிந்தது. துணி வெளுத்தது. மினுக்கம் வரவில்லை. கஞ்சியில் தேங்காயெண்ணெய் சொட்டிப் பார்த்தாள், வேட்டி பழுப்பேறி வாடை வீசியது. அதை மறுபடி துவைத்தாள். மெழுகுவர்த்தியைச் சீவிப் போட்டாள், அது திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு கரிப்பெட்டியை இழுத்தது. கடைசியில் வெறும் கஞ்சியோடு தேய்த்து மடித்து வைத்தாள். கன்னையா இதையெல்லாம் பாயிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கொல்லையில் மழை பெய்துகொண்டே இருந்தது.

அவள் கை அப்படி இருந்ததால், கூடப் போய் மூட்டையைக் கன்னையாதான் சுமந்தான். தெருவில் தெரிந்தவர்கள் யாரும் வரக்கூடாது என்று ஒரு பக்கம் நினைத்தான். கிராணியார் வீட்டுப் பின்வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். தையல்முத்து மூட்டையில் மேலாக இருந்த வேட்டியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்தில் உருத்திராட்சம், நெற்றியில் மூன்று விரலும் பதிந்த திருநீறு. முகத்தில் குரூரம் எதுவும் இல்லாத மனுஷி.

“என்ன பிள்ளை, போன முறை மாதிரி இல்லையே இது.”

“மழைம்மா. வெயிலே இல்ல.”

“போன முறையும் மழைதானே? இவர் அந்த மினுக்கந்தான் வேணுமெண்டு நிக்கிறார். வாற கிழமை திருவிழா. சாமி தூக்கிறவர். முன்னுக்கு நிப்பார், எல்லாரும் பாப்பினம்.” பிறகு கன்னையாவைப் பார்த்தாள். “மிசினைத் திருத்தினது நீர்தானே? கெட்டிக்காரன் எண்டு இவரிட்டைச் சொன்னனான். ஷெட்டுக் கந்தோரிலை பேர் கேக்கினமாம். அப்பிடியெண்டால் அவன்ரை பேரை இந்த முறையும் விடுவம் எண்டு சொன்னவர்.”

வாழைப்பழம் கொடுத்தது போலத்தான் அதையும் கொடுத்தாள். மிரட்டல் எதுவும் இல்லை. மிரட்டியிருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

“வேட்டி, சால்வை எல்லாத்தையும் திரும்பக் கொண்டுபோம். முந்தி மாதிரிச் செய்து தாரும். அங்காலை நாகரத்தினத்தார் வீட்டிலையும் கேட்டவை, உம்மட்டைத் தரட்டோ எண்டு. ஓமெண்டு சொல்லிப்போட்டன். என்ன?”

மாரியாயி தலையை ஆட்டினாள்.

திரும்பி வருகிற வழியில் அவள் முன்னால் நடந்தாள். தண்டவாளத்தருகே சரக்கு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நிற்க வேண்டியிருந்தது. கன்னையா மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டான். கிராணியார் வீட்டில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். சொன்னால் கிராணியார் பேனாவை எடுப்பார், அதோடு முடியாது, கோயில் முழுக்கத் தெரியும், பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரியும். சொல்லாமல் இப்படியே கையால் துவைத்துக் கொடுத்தால் மினுக்கம் எங்கே என்று கேட்பார்கள், வேறு ஆளைப் பிடிப்பார்கள், பேர் மறுபடி பேனா முனைக்கு வரும். இப்படி யோசிக்கிறோமே, இதில் சாமி எங்கே இருக்கிறது என்றும் தோன்றியது. எதிரே வண்டியின் பெட்டிகளெல்லாம் காலியாகத்தான் ஓடின.

வீட்டுக்கு வந்ததும் மாரியாயி சுவரோரம் உட்கார்ந்தாள். வெந்த விரல்களை ஊதிக்கொண்டிருந்தாள். கன்னையா மூட்டையைப் பிரிக்காமல் வைத்தான்.

“நான் வேணா போறேன்,” என்றான். “ஷெட்டுல சொல்லிட்டு நான் மட்டும் கப்பல்ல போறேன். நீ இங்கயே இரு. ஒங்க தோட்டத்துக்குப் போ.”

“தோட்டத்துல ஆள எடுக்கிறாங்களா? லயத்தையே இடிக்கிறாங்க.” அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அந்த டின்னுல இன்னும் இருக்கா?”

“எது?”

“எதுன்னு தெரியாத மாதிரி கேக்காதீங்க.”

“இருக்கு.”

“எங்க?”

“கொல்லையில. கூரை இடுக்குல.”

மாரியாயி எழுந்தாள். மிஷினை மூலையிலிருந்து நடுவே இழுத்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். விறகு நனைந்திருந்ததால் புகைந்தது. ஊதாங்குழலை எடுத்து ஊதி ஊதி எரியவிட்டாள். கண்ணில் வழிந்தது புகையாலாக இருக்கலாம். கன்னையா டின்னை எடுத்து வந்து, மூடியைக் கழற்றிக் கவிழ்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தான்.

“எடுத்து வைங்க,” என்றாள். “மறைச்சு வைக்காதீங்க. எனக்கு முன்னால வைங்க.”

அவன் மிச்சமிருந்த பின்னல் துண்டைச் சுற்றி, தட்டி, கொழுப்பை வழித்து வைத்தான். அவள் பக்கத்தில் குந்தி ஒவ்வொன்றையும் பார்த்தாள். அவன் கையை எடுத்ததும், “பத்தாது,” என்று சொல்லிவிட்டுத் தானே இரண்டு விரலால் அள்ளி வைத்தாள். வெந்த விரலுக்கு அது இதமாக இருந்திருக்க வேண்டும். ஒரு நொடி கையை அங்கேயே வைத்திருந்தாள்.

அன்று அவள் சுற்றியபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கன்னையா தூங்கினான்.

அந்த மாதம் பேர் எழுதினார்கள். பக்கிரிசாமியின் பேர் இருந்தது. அவர் சிகரெட் டின்களையும் சணலையும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். கிளம்பும்போது கன்னையாவின் தோளில் தட்டி, “மிஷினு ஓடுதா?” என்று கேட்டார். ஓடுகிறது என்றான்.

திருவிழா அன்று கோயில் தெருவில் நிற்க இடமில்லை. செலாயாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். இராஜம்மா முன்னால் போய்விட்டாள். கன்னையாவும் மாரியாயியும் தெருவோரச் சாக்கடைத் திண்டில் ஏறி நின்றார்கள். நாதஸ்வரம் நெருங்கியது. பின்னால் சாமி வந்தது. முன்தண்டில் இடது தோள் கொடுத்துச் செல்லத்துரை கிராணியார் வந்தார். வெற்று மார்பில் வியர்வையும் திருநீறும் கலந்து ஓடின. அவர் இடுப்பில் வேட்டி வெயிலைப் பிடித்துத் திருப்பி அடித்தது. மற்றவர்களின் வேட்டிகள் கசங்கித் தொடையோடு ஒட்டியிருந்தன. அவருடையது வெட்டி வைத்த தகடு போல நின்றது. எதிர்ச்சாரியில் பெண்களுக்கு நடுவே தையல்முத்து நின்றாள். பக்கத்திலிருந்த இரண்டு பெண்களிடம் ஏதோ சொல்லி மாரியாயியைக் கையால் காட்டினாள். அவர்கள் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

சாமி நின்றது. வழக்கம்போல ஆட்கள் குடத்தோடு ஓடிவந்து தூக்குகிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு குடம் உயரமாகச் சரிந்து கிராணியாரின் இடுப்பில் கொட்டியது. பக்கத்தில் நின்றவரின் வேட்டி மஞ்சளாகி ஊறிப் போனது. கிராணியாரின் வேட்டியில் தண்ணீர் ஊறவில்லை. முத்து முத்தாகத் திரண்டு, சேம்பிலையில் உருள்வது போல, மடிப்புகளின் மேல் உருண்டது.

கன்னையா கும்பிட்ட கையை இறக்கினான். சுற்றி எல்லோரும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தார்கள். மாரியாயி தூக்கவில்லை. வேட்டியின் விளிம்புக்கு வந்து, ஒரு கணம் தொங்கி, தரையில் விழுகிற மஞ்சள் துளிகளைப் பார்த்தபடி நின்றாள்.